பாஸ்போர்ட்டுக்கு ஒரு மொட்டை

1

போன மாதம் என் மகள் பவித்ராவின் இந்தியப் பாஸ்போர்ட் தபாலில் திரும்பி வந்தது. உள்ளே ரத்து என்று முத்திரை குத்தி, அட்டையின் ஒரு மூலையைக் கத்தரித்து அனுப்பியிருந்தார்கள். படத்தில் பத்து வயதுப் பவித்ரா இரட்டைப் பின்னலோடு முறைத்துக்கொண்டிருந்தாள். கத்தரி அவள் மேல் படவில்லை.

"இதை என்னம்மா செய்றது?" என்று கேட்டாள்.

"வச்சுக்கோ."

"எதுக்கு?"

அவள் கையிலிருந்து வாங்கினேன். பேட்டரியும் பழைய சாவிகளும் கிடக்கும் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அன்று மதியம் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஆயக்குடியிலிருந்து என் தங்கை பேசினாள். "பிள்ளைக்கு ரெண்டு பாஸ்போர்ட்டாம்லக்கா! இங்க தெருவுக்கே சுவீட் குடுத்துட்டோம். நீ அங்க என்ன செஞ்ச?"

நான் மதிய ஷிப்டுக்குப் போனேன். ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. பெரியவர்களைக் குளிப்பாட்டினேன், மாத்திரை கொடுத்தேன், ஒரு அம்மாவுக்குத் தலை சீவிவிட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ரெண்டு பாஸ்போர்ட் என்று ஊரில் சொல்வதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. இந்தியா இரண்டு வைத்துக்கொள்ள விடாது. புதியது கைக்கு வந்தால் பழையதைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள், ஞாபகத்துக்கு. இதைத் தங்கையிடம் விளக்கினேன். "அப்ப சுவீட் குடுத்தது தப்பாக்கா?" என்று கேட்டாள். இல்லை, சுவீட் கொடுக்கலாம் என்றேன்.

2

என் கணவர் ரவி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கட்டுரைகளில் ஊரில் தங்கிவிட்ட கணவன் என்று ஒருவர் வந்தாலே வாசகர்கள் அவரைக் குடிக்க வைத்துவிடுவார்கள். அவர் குடிப்பதில்லை. எங்களுக்குள் விவாகரத்தும் இல்லை. அவர் கொடைக்கானல் மேல்மலையில், கூக்காலில் இருக்கிறார், நாங்கள் இங்கே இருக்கிறோம், அவ்வளவுதான்.

கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தபோது, மேல்மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவரும் ஜீப்பை அவர் ஓட்டினார். மழையில் மண் சரிந்த பாதையில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே வண்டியைக் கொண்டுவந்து சேர்த்த ஆள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடித்தது. எங்கள் வீட்டில் "சிலோன்காரன் வீட்டுலயா பொண்ணு குடுக்குறது?" என்று கேட்டார்கள். அவர் பிறந்தது கொடைக்கானலில். ஆனாலும் சிலோன்காரர்தான். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிவைக்கப்பட்டவர்கள்.

எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது பவித்ராவுக்கு இரண்டு வயது. ரவியும் வந்தார். ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். சமையல்காரர் பஞ்சாபி, முதலாளி வேறு பாஷை, மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அவருடைய லைசென்ஸ் இங்கே செல்லாது. மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அவருக்குத் தெரியாத மொழி ஒன்றில். இரண்டு முறை எழுதித் தோற்றார். கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிய மனிதர், பஸ் நிறுத்தத்தில் நின்று, போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லாம் நேர் ரோடு. இதுல ஓட்டுறதுக்கு ஒரு பரீட்சையா?" என்பார்.

ஒரு மாதம் ஊருக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். பவித்ராவுக்கு அப்போது ஐந்து வயது. அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. முதலில் கோபப்பட்டேன், பிறகு அழுதேன், பிறகு மரத்துப்போனது. மரத்துப்போன இடத்தில் வலி இல்லை என்பதால் நான் அதைத் தொட்டுப் பார்ப்பதும் இல்லை.

பவித்ரா வளர்ந்தாள். என்னை நீ என்பாள், அப்பாவைப் போனில் நீங்க என்பாள். மரியாதை என்று என் தங்கை மெச்சிக்கொண்டாள். எனக்குத் தெரியும், அது மரியாதை இல்லை. எங்கள் மேல்வீட்டுக்காரரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், ஜெர்மன் மொழியில். நான் அதற்கு நேர் எதிர். வந்த புதிதில் ஒரு வருஷம் முழுக்க அலுவலகத்து அதிகாரிகளை எல்லாம் அவர்கள் மொழியில் நீ, வா, போ என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரில் பால்காரரைக்கூட வாங்க போங்க என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

பன்னிரண்டு வயதில் அவள் வகுப்பே லண்டனுக்குச் சுற்றுலா போனது. இவளுக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவளைக் கீழ்வகுப்பில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவளும் என்னைப்போல ஆகிறாளே என்று பயந்தேன். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், எனக்கும் அவளுக்கும் சேர்த்து.

பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும். ரவி ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதோ ஒருமுறை போனில் இந்தப் பேச்சு வந்தபோது அவர், "எம்பிள்ளை இந்தியாக்காரிதான். அதுல என்னா சந்தேகம்?" என்று சொல்லியிருந்தார். அவர் மாட்டேன் என்றுவிட்டால் பவித்ரா பதினாறு வயது ஆகும்வரை கீழ்வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

3

ஆகஸ்ட் விடுமுறையில் போனோம். பிள்ளையின் பாஸ்போர்ட் விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டும், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் ரவியிடம் போனில் சொல்லியிருந்தேன். மதுரையில் இறங்கி டாக்சி பிடித்தோம். வத்தலக்குண்டு தாண்டியதும் டிரைவர், "அக்கா, இ-பாஸ் போட்டாச்சுங்களா?" என்றார். இப்போது கொடைக்கானல் மலை ஏறவே இ-பாஸ் வேண்டுமாம். பவித்ரா போனில் தட்டினாள். "நாம இந்தியாவா வெளிநாடா?" என்று நிமிர்ந்து கேட்டாள். இந்தியா என்றேன். டிரைவர் சிரித்தார். "அடுத்த வாட்டி வர்றப்ப மாத்திப் போடுவீங்களா பாப்பா?" என்றார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று நான்தான் வாய் சும்மா இராமல் அவரிடம் சொல்லியிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். தூறல். ரவி ஜீப்போடு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் டிரைவருக்குப் பணம் எடுத்துக்கொண்டிருந்தேன். குரங்குக் குல்லாயும் சாம்பல் நிற ஸ்வெட்டருமாக ஒரு ஆள் வந்து பவித்ராவின் பெட்டியில் கைவைத்தார். அவள் பெட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே பணிவாகச் சொன்னாள்.

"ரூம் வேணாங்கண்ணா. புக் பண்ணியாச்சு."

அந்த ஆள் கையை எடுத்துவிட்டார். நான் திரும்பினேன். எனக்கும் அடையாளம் தெரிய ஒரு நொடி பிடித்தது. மீசை இல்லை. எத்தனை வருஷமாகப் பார்த்த முகத்தில் மேலுதடு மட்டும் புதிதாக இருந்தது.

"பாப்பா, அப்பாடி" என்றேன்.

பவித்ராவின் முகம் சிவந்துவிட்டது. ரவி குல்லாயைக் கழற்றினார். உள்ளே பளபளவென்று மொட்டை. "வுடு ராணி, அவளைச் சொல்லாத. எனக்கே காலையில கண்ணாடி பாத்தா எவன்டா இதுன்னு கெடக்கு" என்று சிரித்தார். சிரிப்பு அதே சிரிப்புதான். மறுபடி பெட்டியைத் தொட்டு, "இப்ப தூக்கலாமா சாமி?" என்று அனுமதி கேட்டார்.

மீசையும் சேர்த்து எடுத்திருந்ததால் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்டேன். "அதெல்லாம் இல்ல. பழனிக்குப் போனேன்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் அது பழக்கம்.

4

கூக்கால் போகும் வழியெல்லாம் மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தேன். கோபமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று, சட்டம் பேசுவதாக ஒன்று. பூம்பாறை தாண்டி, வழியில் ரவி கேரட் மூட்டைக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டார். அவர் இருந்ததால் ஒன்றும் பேச முடியவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வீடு ஏரிக்கு மேலே, இரண்டு அறை. அவர் ஒருவர் இருக்கும் வீடு என்று வாசலிலேயே தெரிந்தது. ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, ஒரே ஒரு நாற்காலி. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எங்கள் இருவரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். சிலோன் பேச்சில் டீக்கு அதுதான் பெயர். பவித்ராவுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீ வந்ததும் வாங்கிக் குடித்தாள்.

நான் தயார் செய்த எதையும் பேச வேண்டியிருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்ததும் அவரே கேட்டார்.

"எங்க அந்தத் தாளு?"

எடுத்துக் கொடுத்தேன். முழுக்க ஜெர்மன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பவித்ராவிடம் நீட்டினார்.

"படி பாப்பா. என்னா எழுதியிருக்குன்னு அப்பாவுக்குச் சொல்லு. எங்கப்பாவுக்கு அங்கருந்து இங்க வாறப்ப ஒரு தாளைக் குடுத்து ரேகை வையின்னாங்க. என்னா எழுதியிருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. வச்சாரு. கப்பல்ல ஏத்திட்டாங்க. அவரோட அக்கா அங்கயே நின்னுருச்சு. அதுக்கு அது என்னா தாளோ."

பவித்ரா படித்தாள். மனசுக்குள் படித்து, தமிழில் தேடினாள். அவளுடைய தமிழ் சாப்பாடு, தூக்கம், கோபம், ஸ்கூல் இவற்றுக்குப் போதுமானது. அலுவலகத் தாளுக்குப் போதாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் உதவப் போனபோது ரவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவளே சொல்லட்டும்."

வரி வரியாக விரலை ஓட்டிவிட்டுப் பவித்ரா சொன்னாள். "நான் ஜெர்மன்காரியா ஆகுறதுல உங்களுக்குப் பிரச்சினை இல்லைன்னு எழுதியிருக்கு."

"பிரச்சினை இல்லைன்னா எழுதியிருக்கு?"

"ஆமாப்பா."

"இருக்குன்னு எழுதுறதுக்கு இடம் விட்டுருக்கா?"

அவள் நிஜமாகவே தாளைப் புரட்டித் தேடினாள். "இல்லைப்பா. ஒரே கட்டம்தான்."

ரவி விழுந்து விழுந்து சிரித்தார். பவித்ராவும் சிரித்தாள், ஏனென்று முழுக்கப் புரியாமல். எனக்கும் உதடு இழுபட்டது. சிரித்து முடித்ததும் அவர் தன் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டார்.

"எங்க பூட்டன் திருச்சிப் பக்கத்துலருந்து சிலோனுக்குப் போனாரு. தாத்தா எந்த நாட்டுக்காரன்னே இல்லாம செத்தாரு. அப்பா இந்தியாக்காரனாகி இங்க வந்து விறகு வெட்டுனாரு. இப்ப இவ ஜெர்மனி. எங்க வூட்டுல அப்பனும் பிள்ளையும் ஒரே நாடா இருந்தது நானும் எங்கப்பாவும் மட்டும்தான் போலருக்கு" என்றார். புகாராகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். "நாளைக்கு வெள்ளனே கெளம்பிருவோம். வக்கீல் பதினொரு மணிக்கு மேல கோர்ட்டுக்குப் போயிருவாரு."

5

நோட்டரி வக்கீலின் ஆபீஸ் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், ஒரு சாக்லேட் கடைக்கு மேலே. மாடிப்படியெல்லாம் சாக்லேட் வாசனை. வக்கீல் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். ரவியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"குல்லாயக் கழட்டுங்க."

ரவி கழற்றினார். நிலைமை மோசமானது.

"என்னங்க இது? இதுல கட்டபொம்மன் மாதிரி மீசை வச்சுருக்கீங்க. இங்க முட்டை மாதிரி வந்து உக்காந்துருக்கீங்க. இந்த டாக்குமென்ட் ஃபாரின் போகுது. அங்க உள்ளவன் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பான். ஆள் மாறாட்டம்னு ரிட்டர்ன் பண்ணிட்டா யாரு பதில் சொல்றது?"

"பழனிக்குப் போயிருந்தேங்க."

"கையெழுத்துச் சோலி இருக்குன்னு தெரியும்ல? ஒரு பத்து நாளு பொறுத்துப் போயிருக்கலாம்ல?"

ரவி என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "அதுக்குத்தாங்க போனதே. பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டு நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டேன். இங்கருந்தே நடந்து எறங்கிப் போனேன்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "வந்துருச்சா பாஸ்போர்ட்டு?"

"இன்னும் அப்ளிகேசனே போடலிங்க."

"காரியம் முடிஞ்ச பெறகுதானேய்யா மொட்டை போடுவாங்க? நீங்க என்ன முன்னாடியே போட்டுட்டு வந்து நிக்கிறீங்க?"

"முன்னாடியே குடுத்துட்டா அவரு செஞ்சுதானே ஆகணும்" என்றார் ரவி. "முடிஞ்ச பெறகு தாறேன்னு சொன்னா, இவன் எங்க தரப்போறான்னு முருகன் நெனச்சுட்டாருன்னா?"

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். பவித்ரா என் காதில், "அம்மா, அப்பா எனக்காகவா முடி எடுத்தாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அந்தத் தலையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபமாக ஒன்று, கெஞ்சலாக ஒன்று, சட்டமாக ஒன்று என்று பேச்சைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். இந்த மனிதரோ நான் வருவதற்குள் மலை இறங்கிப்போய், நான் கேட்கப்போவது கிடைக்க வேண்டும் என்று தலையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம்கூட எங்கோ தள்ளி, பக்கத்து அறையில் யாரோ வெட்கப்படுவதுபோல இருந்தது. இத்தனை வருஷம் எதையும் தொடாமல் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும்போல.

கடைசியில் வக்கீலே ஒரு வழி சொன்னார். இப்போதைய முகத்தோடு புதிதாக ஒரு படம் எடுத்து ஒட்டினால், அதன் மேல் முத்திரை வைத்துத் தருவதாகச் சொன்னார். "வெரசா போயிட்டு வாங்க, எனக்கு கோர்ட்டு இருக்கு."

இரண்டு கடை தள்ளி ஒரு ஸ்டுடியோ. அங்கே இருந்த பையனுக்கு விஷயத்தைச் சொன்னதும், "ஆதார் போட்டோ இருக்குல்ல சார், அந்த மீசையையும் முடியையும் எடுத்து இதுல வச்சுருவேன். ஃபைவ் மினிட்ஸ். ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றான். ரவிக்கு ஆசை வந்துவிட்டது. "அப்படிச் செய்யலாமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும்கூட ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊரை விட்டுப் போய் எத்தனை வருஷமானாலும் சில விஷயங்களில் புத்தி மாறுவதில்லை.

பவித்ரா பதறிவிட்டாள். "நோ, நோ! அது தப்பு! அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்."

பையன் அரை மனசாக அப்படியே எடுத்தான். பிரிண்ட் வந்தது. மீசையில் கைவைக்கவில்லை, ஆனால் கை சும்மா இருக்குமா? முகத்தை வெள்ளையாக்கியிருந்தான். நெற்றிச் சுருக்கத்தை அழித்திருந்தான். புருவத்தில் இருந்த பழைய தழும்பும் போயிருந்தது. மலையில் வெயில் பட்டுக் கறுத்த மனிதர், பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்ததுபோல இருந்தார்.

"இது எங்கப்பா இல்லை" என்றாள் பவித்ரா.

"அப்பாதான் பாப்பா. கொஞ்சம் பிரைட் பண்ணிருக்கேன். எல்லாருக்கும் பண்றதுதான்."

"கறுப்பாக்குங்க. நெத்தியில அந்தக் கோடெல்லாம் திருப்பிக் கொண்டுவாங்க. இங்க ஒரு தழும்பு இருக்கணும், பாருங்க." சொல்லிக்கொண்டே ரவியின் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். அவள் அவரைத் தொட்டது அந்தப் பயணத்தில் அப்போதுதான். ரவி ஆடாமல் அசையாமல், ஃபோட்டோவுக்கு உட்கார்ந்ததைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்.

அவள் சொன்னபடி திருத்திய படத்தை வக்கீல் ஆபீசில் ஒட்டினார்கள். கையெழுத்தைப் போடும்போது ரவி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார். ரவீந்திரன். வக்கீல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். பாதி காகிதத்தின் மேல், பாதி அவருடைய மொட்டைத் தலையின் மேல்.

6

எல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஜெர்மன் அலுவலகத்தில் ஆதார் படத்தையும் மொட்டைப் படத்தையும் பார்த்த பெண்மணி, உங்கள் கணவருக்கு உடல்நிலை சரியில்லையா என்று கரிசனமாகக் கேட்டார். சாமிக்கு முடி கொடுத்தார் என்று சொன்னேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. நோய் என்றுதான் எழுதியிருப்பார்.

நகர மன்றத்தில் கூட்டி ஒரு சூரியகாந்திப் பூவும் சட்டப் புத்தகமும் கொடுத்தார்கள். நான் உறுதிமொழி வாசித்தேன். பவித்ரா சின்னவள், வாசிக்க வேண்டியதில்லை. ரவிக்கு வீடியோவில் காட்டினோம். கூக்காலில் சிக்னல் கிடைப்பது ஏரிக்கரையில் மட்டும்தான். அங்கே நின்று பார்த்தார். மீசை பழையபடி வந்திருந்தது. "சொன்னேன்ல, குடுத்துட்டா செஞ்சுதான் ஆகணும்" என்றார். அதற்குள் படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். பவித்ரா பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா திரும்ப வருகிறாரா என்று போனைப் பார்த்தபடியே இருந்தாள். வரவில்லை. பீட்சா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

பிறகு தூதரகம், பழைய பாஸ்போர்ட்டுகளை ஒப்படைத்தல். என்னுடையதைக் கொடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பவித்ராவுடையதைக் கொடுத்தபோது கவுன்டரில் இருந்தவர், "ஃபாதர் இந்தியன்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஓகே" என்று வாங்கி, இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் வலி என்று பவித்ராவிடம் சொன்னேன்.

இந்திய வம்சாவளி அட்டை வாங்கிக்கொண்டால் விசா வேண்டாம் என்கிறார்கள். பவித்ராவுக்கு அதை வாங்கவும் அப்பாவின் கையெழுத்து வேண்டும். இன்னொரு முறை அவரிடம் தாளை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டதில் விடுமுறை வந்துவிட்டது. சரி, இந்த முறை விசாவிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

7

போன சனிக்கிழமை பவித்ரா சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து அவளே விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பெயர், பிறந்த ஊர், நாடு எல்லாம் முடித்துவிட்டாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள்.

"அம்மா, இந்தியாவுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட பேரு, அட்ரஸ், போன் நம்பர் கேக்குது. ஹோட்டல் பேரும் போடலாமாம்."

"அப்பா பேரைப் போடு."

"அப்பா பேரு மேல வந்துருச்சே. மறுபடியும் போடலாமா?"

எனக்குத் தெரியவில்லை. வம்பு எதற்கு, சித்தி பேரைப் போடு என்றேன். ஆயக்குடி அட்ரஸ் எனக்கு மனப்பாடம். அவள் சித்தி பேரைத் தட்ட ஆரம்பித்து அழித்தாள். பிறகு அவளாகவே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். அவளாக அவரைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சிக்னல் இருக்கும் இடத்தில் இருந்தார்போல, அந்தப் பக்கம் மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. அவள் விஷயத்தைச் சொன்னாள். எங்கள் ஊர்த் தமிழும் அவள் ஊர்த் தமிழுமாகச் சுற்றி வளைத்துச் சொன்னாள். ரவி பொறுமையாகக் கேட்டார்.

"நான் உனக்கு என்னா வேணும்னு கேக்குதா?" என்றார்.

"இல்லப்பா. அதைக் கேக்கலை. தெரிஞ்ச ஆளா இருந்தாப் போதும்."

அந்தப் பக்கம் யாரிடமோ, "ஏலே, கொஞ்சம் நிறுத்துங்கடா" என்று சொல்வது கேட்டது. மூட்டைச் சத்தம் நின்றது.

"அப்ப என் பேரையே போடு சாமி" என்றார். "தெரிஞ்ச ஆளுதானே."

நான் புளிக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அட்ரஸ் சொல்லுங்கப்பா. எனக்குத் தெரியாது."

சொன்னார். ஆபீசில் முன்பின் பார்த்திராத அதிகாரிக்குச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. ரவீந்திரன். ஏரி மேட்டு வீடு. கூக்கால். பூம்பாறை வழி. கொடைக்கானல் தாலுகா. பவித்ரா தட்டிக்கொண்டே வந்தாள். பின்கோடு வந்ததும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

"எழுதிட்டியா? ஒருக்கா திருப்பிச் சொல்லு."

அவள் திரையைப் பார்த்து வாசித்தாள்.

"ம். இப்ப பாக்காம சொல்லு."